பொன்னிறமாக வறுத்த காற்று

அந்தச் சன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள், அம்மா. முழுவதும் வேண்டாம், நான்கு விரற்கடை போதும். முடி கலைந்துவிடும் என்கிறீர்கள். கலையட்டும். மாட்டுத்தாவணியில் இறங்கியவுடன் சீவிக்கொள்ளலாம். என் கைப்பையில் சீப்பு இருக்கிறது. உறை பிரிக்காத புதுச் சீப்பு.

நன்றி.

இந்தப் பெட்டியைப் பார்த்து அஞ்ச வேண்டாம். முன் இருக்கைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். இது வெடிபொருள் அன்று என்று அவருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி. பத்து லட்சம் பங்கு காற்றில் அது எத்தனை பங்கு என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. நீங்கள் திறக்குமுன் ஆயிரத்து முந்நூற்றுப் பத்து. இப்போது பாருங்கள்: தொள்ளாயிரம். இன்னும் இறங்கும். வெளிக்காற்றில் ஏறத்தாழ நானூற்றிருபதுதான் இருக்க வேண்டும். ஆயிரத்தைத் தாண்டினால் அறை புழுங்கும். இரண்டாயிரத்தைத் தாண்டினால் தலை கனக்கும்; கொட்டாவி வரும்; கண் பார்க்கும், மனம் பார்க்காது.

'ம்' என்கிறீர்கள். நல்லது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஞானசௌந்தரியும் அப்படித்தான் சொல்வாள். அவளுக்காகத்தான் இன்று மதுரைக்குப் போகிறேன். பதினொன்றரை மணிக்கு எங்கள் தலைமை அலுவலகத்தில் விசாரணை. அவளுடைய வேலை நிலைக்குமா, போகுமா என்பது அங்கே முடிவாகும். அவள் வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்தி. நேற்றே புறப்பட்டுப் போய் மதுரையில் தங்கையின் வீட்டில் இருக்கிறாள். என் கைப்பையில் பதினான்கு பக்க விளக்கக் கடிதம் இருக்கிறது. அவளைக் காப்பாற்றக்கூடியவை இரண்டே: அந்தக் கடிதம், இந்தக் கருவி.

நீங்களும் மருத்துவரைப் பார்க்கத்தான் போகிறேன் என்றீர்கள். மூன்று மாதமாகப் பொட்டுத் தூக்கம் இல்லை, மாத்திரைக்கும் மசியவில்லை, பேருந்தில் கண்ணே மூடாது என்று ஏறி அமர்ந்தவுடனேயே சொன்னீர்கள். உங்களுக்காக வருந்துகிறேன். ஆயினும், இரண்டரை மணி நேரப் பயணத்தில் விழித்திருந்து கேட்கும் ஒருவர் பக்கத்தில் அமைவது அரிது. ஆகவே, தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் உமையாள். புலவர் பட்டம் பெற்றவள். திருச்சியில் ஒரு பதிப்பகத்தின் கிளையில் முப்பத்தொரு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கான துணைநூல்கள் போடுகிறோம். சமையல் நூல்களும் உண்டு. குழந்தைகளுக்குப் பெயர் வைக்கும் நூலும் உண்டு. அதில் மூவாயிரம் பெயர்கள். ஒரு பிழை காட்ட முடியாது.

மற்றப் பதிப்பகங்களில் ஒருவரே பார்த்து ஒருவரே திருத்துவார். எங்களிடம் இருவர். அந்த முறையை வகுத்தவள் நான். அச்சுக்குப் போகவேண்டிய தாளை ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். ஆசிரியர் எழுதிக்கொடுத்த மூலத்தை மற்றவர் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்க்க வேண்டும். மாறுபாடு இருந்தால் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் 'ம்' சொல்ல வேண்டும். நிறுத்தற்குறிகளையும் விடக்கூடாது. "வேர் காற்புள்ளி தண்டு காற்புள்ளி இலை முற்றுப்புள்ளி." "ம்." இப்படி. பதினெட்டு ஆண்டுகளாக நான் வாசித்தேன். ஞானசௌந்தரி 'ம்' சொன்னாள்.

வீட்டில் செய்தித்தாளையும் நான் இப்படித்தான் வாசிப்பேன். என் கணவருக்கு அதில் தனி விருப்பம். நான் தலைப்பைத் தொடங்கியவுடன் சாய்வு நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டு ரசிப்பார். பங்குச் சந்தை வரும்வரை அசையமாட்டார்.

சரி. மார்ச்சு மாதத்தில் எங்கள் அறைக்குக் குளிர்சாதனம் வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. நான், சௌந்தரி, கணினியில் பக்கம் அமைக்கும் ஷம்ஷாத் என்ற பெண், மூவர். அதற்கு முன் மின்விசிறி. மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்கும். ஒருமுறை ஏழாம் வகுப்பு வரலாறு பறந்து போய்ப் பக்கத்துத் தேநீர்க் கடையில் வடை கட்டப் பயன்பட்டது, மீட்டுக்கொண்டு வந்தேன். பாபரின் மீது எண்ணெய். குளிர்சாதனம் வந்ததால் அந்தத் தொல்லை தீர்ந்தது. குளிர் வெளியே போகக்கூடாது என்று சன்னல்கள் மூடப்பட்டன. இடுக்குகளில் காகிதப் பட்டைகள் ஒட்டப்பட்டன. மேலே புறா கூடு கட்டும் காற்றுத் துவாரத்திலும் அட்டை வைக்கப்பட்டது. மிக நேர்த்தியான வேலை. ஒரு பட்டைகூடக் கோணவில்லை.

யார் ஒட்டியது என்று கேட்கிறீர்களா? அது இப்போது முக்கியமன்று. வரிசை குலைந்துவிடும்.

குளிர்சாதனம் புதுக்காற்றைக் கொண்டுவரும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அது கொண்டுவருவதில்லை, அம்மா. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும். நாம் விட்ட மூச்சையே நமக்குக் குளிரூட்டித் திருப்பித் தரும். அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஷம்ஷாத் சொன்னாள் என்று வேண்டுமானால் சொல்லலாம். "புலவரம்மா, ரூம்ல காத்தே இல்ல" என்று மூன்றாம் நாளே சொன்னாள். "காற்று இல்லாவிட்டால் நீ சொன்னது என் காதில் விழுந்திருக்காது" என்றேன். அவள் கணினிக்குத் திரும்பிப் போய்விட்டாள். சரியாக விளக்கினால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள்.

அன்று முதல் பிற்பகல் மூன்று மணி ஆனால் மூவருக்கும் தலைவலி. நான் முறையாகக் காரணம் தேடினேன். முதலில் சௌந்தரியின் தயிர்ச்சோறு. அதை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினாள். வலி நிற்கவில்லை. அடுத்து அவளுடைய மல்லிகைப்பூ. அதையும் விட்டாள். பிறகு, உடம்பில் இரத்தம் குறைவாக இருக்கும் என்று பரிசோதனைக்கு அனுப்பினேன். "அக்கா, பன்னெண்டரை இருக்குதாம். டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரிக்குது" என்று வந்து நின்றாள். கண்ணாடியை மாற்றச் சொன்னேன், மாற்றினாள். பதினெட்டு ஆண்டுகளில் அவள் என்னிடம் மாட்டேன் என்று ஒருமுறையும் சொன்னதில்லை. நல்ல பெண். சற்று மந்தம், ஆனால் நல்ல பெண்.

ஏப்ரலில் எட்டாம் வகுப்பு அறிவியல் வந்தது. அதில் ஒரு பாடம், 'நம்மைச் சூழ்ந்த காற்று'. பிற்பகல் மூன்றேகால் மணிக்கு அதை வாசிக்கத் தொடங்கினேன். அன்று ஷம்ஷாத்தின் கணினியில் இரண்டு நூல்கள் ஒன்றாகத் திறந்திருந்தன. ஒன்று அறிவியல், மற்றொன்று 'வீட்டுப் பொடி வகைகள் நூறு'. ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் வைத்துவிட்டாள், பாவம். அவளுக்கும் தலைவலிதான். ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்காகத்தானே நாங்கள் இருவரும் இருந்தோம்?

நான் வாசித்தேன். "மூடிய அறையில் பலர் நீண்ட நேரம் அமர்ந்திருந்தால் கரியமில வாயு மிகுந்து தலைவலி காற்புள்ளி சோர்வு காற்புள்ளி கவனக்குறைவு ஆகியவை உண்டாகும் முற்றுப்புள்ளி." "ம்." "பின்னர் மிதமான தீயில் பொன்னிறமாக வறுத்து காற்புள்ளி ஆறவைத்து காற்புள்ளி காற்றுப் புகாத பாத்திரத்தில் மூடி வைக்கவும் முற்றுப்புள்ளி."

"ம்."

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். மதுரையிலும் முதலில் சிரித்தார்களாம். ஜூனில் நூல் வெளிவந்தது; ஜூலையில் ஒரு பள்ளியில் தேர்வு வைத்தார்கள். மூடிய அறையின் தீமைகள் யாவை? வகுப்பு முழுவதும் ஒரே விடை: தலைவலி, சோர்வு, கவனக்குறைவு, பொன்னிறமாக வறுத்தல். அந்த ஆசிரியர் எல்லாருக்கும் முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறார். அவர் எந்த அறையில் அமர்ந்து திருத்தினாரோ, யார் கண்டது? ஒரு பிள்ளையின் தாய்தான் பார்த்துவிட்டு எங்கள் மேலாளருக்குத் தொலைபேசி செய்தாராம். "ஏங்க, வறுக்கச் சொல்லிட்டீங்க, எத்தனை ஸ்பூன் மல்லின்னு போடவே இல்லையே?"

மேலாளர் தணிகைநாதன் மதுரையிலிருந்து புறப்பட்டு வந்தார். என் முப்பத்தொரு ஆண்டுப் பணியில் ஒரு மேலாளர் சிவப்பு மையில் வட்டமிட்ட தாளை என் மேசையில் வைத்தது அதுவே முதல் முறை. "வாசிச்சது நீங்கதானே, புலவரம்மா?" என்றார். "ஆம்" என்றேன். "பொன்னிறமா வறுக்கிறப்போ உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?" விளக்கினேன். எங்கள் முறையில் வாசிப்பவர் பொருளைக் கவனிக்கக் கூடாது. கவனித்தால் எழுத்து தவறும். தாளில் இருப்பதை உள்ளவாறு வாசிப்பதே அவர் கடமை. மாறுபாட்டைக் கண்டுபிடிப்பது மூலத்தைப் பார்ப்பவரின் கடமை. நானே கையெழுத்திட்ட சுற்றறிக்கை; சுவரில் தொங்குகிறது; எடுத்துக் காட்டினேன். அவர் அதை இருமுறை படித்தார். "ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார். பாராட்டு என்று நினைத்தேன். மறுநாள் சௌந்தரிக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தது. பணி நேரத்தில் உறங்கியதற்காக ஏன் நீக்கக்கூடாது என்று.

உறங்கினாளா என்று நானே அவளைக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "மூணு மணிக்கு மேல எனக்கு ஒண்ணுமே தெரியறதில்லக்கா. நீங்க முற்றுப்புள்ளின்னா வாய் தானா 'ம்'ங்குது" என்றாள். அம்மா, நான் அதிர்ந்துவிட்டேன். மார்ச்சு தொடங்கி ஜூலை வரை நான் சுவருக்கு வாசித்திருக்கிறேன்!

அப்போதுதான் ஷம்ஷாத் இந்தக் கருவியைக் கொண்டுவந்தாள். அவளுடைய அண்ணன் குளிர்சாதனம் பழுது பார்ப்பவர், அவருடையது இது. காலை ஒன்பதரைக்கு அறுநூற்றுப் பத்து. பதினொன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு. பன்னிரண்டரைக்கு இரண்டாயிரத்து முந்நூறு. மூன்று மணிக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபது! அச்சிட்ட பாடத்தில் சொன்னவை எல்லாம், வறுத்தல் நீங்கலாக, எங்கள் அறையிலேயே நடந்திருக்கின்றன. பாடம் எங்களைப் பற்றியது. அதை வாசித்த எங்களுக்கே விளங்கவில்லை.

ஷம்ஷாத்துக்கு ஒரு குறும்பு உண்டு. எண்ணைப் பார்த்துக்கொண்டே, "புலவரம்மா, நீங்க வாசிக்க வாசிக்கத்தான் கிடுகிடுன்னு ஏறுது. நீங்க சாப்பிடப் போனா நின்னுடுது" என்றாள். பேசுகிறவர் மிகுதியாக மூச்சு விடுவார் என்பது உண்மைதான். அவள் அண்ணனும் சொன்னாராம். அதற்காக அறையிலிருந்த வாயு முழுவதையும் நானே விட்டதுபோல் பேசலாமா? ஆயினும் நான் நியாயமானவள். ஒரு பக்கத்துக்குச் சராசரி நாற்பது நிறுத்தற்குறிகள். அவற்றை உரக்கச் சொல்லாமல் விரலால் மேசையைத் தட்டிப் பார்த்தேன். இருபது எண் குறைந்தது. அதையும் கடிதத்தில் சேர்த்திருக்கிறேன்.

பிறகு சன்னல்களைத் திறந்தோம். நானூற்று ஐம்பது. மூன்று மணிக்கு யாருக்கும் தலைவலி இல்லை. சௌந்தரி மறுபடியும் பூ வைத்துக்கொண்டாள். ஒரே நாளில் என் வாசிப்பைப் பதினொரு முறை நிறுத்தினாள். அவற்றில் நான்கு, நானே தவறாக வாசித்தவை என்றாள். நல்ல காற்று சிலருக்குச் சற்றுத் துணிச்சலையும் கொடுத்துவிடும் போலும்.

அந்தப் பட்டைகளைப் பிய்த்தவளும் அவள்தான். எங்கள் அறையில் காகிதத்துக்கு என்ன பஞ்சம்? பழைய மெய்ப்புத் தாள்களைக் கிழித்துத்தான் ஒட்டியிருந்தது. பிய்த்தவற்றைக் குப்பையில் போடாமல் ஒவ்வொன்றாக நீவி மடித்துத் தன் சோற்றுப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த அழுக்குத் தாளில் என்ன ஆசையோ என்று நினைத்தேன். மறுநாள் மேலாளர் மறுபடியும் வந்து வெற்றுச் சன்னலைப் பார்த்தார். மரச்சட்டத்தில் பசைத்தடம் இருந்தது. "யாரும்மா இங்கேயெல்லாம் ஒட்டி வச்சது?" என்றார். சௌந்தரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியலை சார். ஏ.சி. போட்டப்பவே அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். அவளுக்கு நினைவாற்றல் குறைவு என்று அப்போதும் நினைத்தேன். ஏனென்றால் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவளே அவள்தான். "இந்தப் பக்கம் சாயுதுக்கா, கொஞ்சம் தூக்குங்க" என்று சொன்னவளும் அவள்தான். அப்படியிருக்க, தெரியாது என்று...

பொறுங்கள், அம்மா.

பழைய மெய்ப்புத் தாள்கள் என்றேன். அவற்றில் திருத்தங்கள் இருக்கும். சிவப்பு மை. ஒவ்வொரு தாளின் அடியிலும் தேதியிட்டுக் கையொப்பம் இருக்கும். யாருடைய கையொப்பம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சன்னலின் நான்கு பக்கமும் என் கையொப்பம் ஒட்டியிருந்திருக்கிறது. அதைத்தான் நீவி மடித்து எடுத்துப்போயிருக்கிறாள். மந்தம் என்றேனே அவளை.

ஆமாம், அம்மா. நான்தான் ஒட்டினேன். அளவுகோல் வைத்து ஒட்டினேன். தாள் பறக்கக் கூடாது, குளிர் போகக் கூடாது, தெருவோரத்து ஒலிபெருக்கி கேட்கக் கூடாது. துவாரத்துக்கு அட்டை வெட்டியவளும் நான். நீங்கள் முதலிலேயே கேட்டீர்கள். வரிசை குலையும் என்றேன். கடிதத்திலும் பதினான்கு பக்கத்தில் ஓரிடத்திலும் அதை எழுதவில்லை. 'அறை மூடியிருந்த நிலையில்' என்று தொடங்கி, எண்களுக்குப் போய்விட்டேன். அவர்கள் யார் மூடினார்கள் என்று கேட்பார்கள். அவள் தெரியாது என்பாள். தெரியாது, உறங்கினேன் என்று இரண்டையும் சொல்கிறவளை எந்த அலுவலகம் வைத்துக்கொள்ளும்?

பேனா இருக்கிறது. இந்தப் பெட்டியைச் சற்று மடியில் வைத்துக்கொள்கிறீர்களா? நன்றி. பேருந்து ஆடுகிறது, எழுத்து கோணும், பரவாயில்லை. முப்பத்தொரு ஆண்டுகளில் நான் கோணலாக எழுதும் முதல் பக்கம் இது. பதினைந்தாம் பக்கம்.

எழுதிவிட்டேன். வாசிக்கிறேன், நீங்கள் சாட்சி. "சன்னல்களையும் காற்றுத் துவாரத்தையும் மூடி ஒட்டியவள் நான் முற்றுப்புள்ளி."

"ம்" என்கிறீர்கள். நல்லது.

"ஞானசௌந்தரி உறங்கியதற்குக் காரணம் அந்த அறையின் காற்று காற்புள்ளி அந்தக் காற்றுக்குக் காரணம் நான் முற்றுப்புள்ளி. ஆகவே நடவடிக்கை எடுப்பதாயின் என்மீது எடுக்க வேண்டும் முற்றுப்புள்ளி."

நன்றி. என்னை நீக்கிவிடுவார்களா, அம்மா?

"ம்" என்கிறீர்கள். வெளிப்படையாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். ஆயினும் சற்று யோசித்துச் சொல்லியிருக்கலாம். நீங்கள் எந்த மருத்துவமனைக்குப் போகவேண்டும்? நான் வழி சொல்கிறேன்.

ம்?

அம்மா. எந்த மருத்துவமனை என்று கேட்டாலும் 'ம்' என்கிறீர்களே. "பின்னர் மிதமான தீயில் பொன்னிறமாக வறுத்து காற்புள்ளி ஆறவைத்துப் பொடிக்கவும் முற்றுப்புள்ளி."

ம்.

சரி. வறுத்தலுக்கும் 'ம்'தான். பெட்டி எங்கே? உங்கள் மடியிலேயே இருக்கிறது. நானூற்று முப்பத்தொன்று. சன்னலும் திறந்துதான் இருக்கிறது. காற்று முகத்தில் அடிக்கிறது. கொட்டாம்பட்டிப் புழுதிகூட உள்ளே வருகிறது. இந்தக் காற்றில் ஒருவர் உறங்குவதற்குக் காரணமே இல்லை. கருவி பழுதாகிவிட்டது என்றே கருதுகிறேன். விசாரணைக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கையில் பழுதாக வேண்டுமா? இனி அந்தப் பதினைந்தாம் பக்கத்தைத்தான் நம்ப வேண்டும்.

என் தோளில் சாய்ந்துகொள்ளுங்கள்; அந்தக் கம்பி தலையில் இடிக்கிறது. என் கணவரும் இப்படித்தான் வாயைச் சற்றுத் திறந்துகொண்டு ரசிப்பார்.

நடத்துநரே, மெதுவாகப் பேசுங்கள். இவர் மாட்டுத்தாவணியில்தான் இறங்க வேண்டும். நான் எழுப்பிவிடுகிறேன். எழுப்பாமல் விட முடியாது. தூக்கமே வருவதில்லை என்று இவர் மருத்துவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.